மௌனம் யாருடைய சம்மதம்?

வில்லியனூரில் ஒரு வீட்டில், பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரை முதன்முதலாக ஆன் செய்கிறார்கள். எந்த நாடு, எந்தக் கீபோர்டு என்று விண்டோஸ் 11 கேட்கத் தொடங்கும். பிறகு ஒரு பக்கம் வரும்: இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா, இயந்திரம் எப்படிப் பயன்படுகிறது என்ற தரவை அனுப்பலாமா, தட்டச்சு செய்வதிலிருந்து கற்றுக்கொள்ளலாமா, விளம்பரங்களுக்கென்று ஓர் அடையாள எண் கொடுக்கலாமா? பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ‘ஆம்’ என்ற பக்கமே முன்கூட்டித் தேர்வாகியிருக்கும். வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. ‘அக்செப்ட்’ பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

அந்த ‘ஆம்’ யார் சொன்னது?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். இந்தச் சொலவடையைச் சட்டமாகவே அனுபவித்த மண் புதுச்சேரி. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. தனி மனிதர்களின் முறை வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே பிறந்து பிரான்சில் குடியிருந்தவருக்கோ கணக்கு தலைகீழ்: பேசாமல் இருந்தால் பிரெஞ்சுக்காரர். ஆக, ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வாயே திறக்காமல் இரண்டு நாட்டவர் ஆகலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவே முடிவு.

அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. மாற்ற நினைப்பவருக்கு வழியும் கெடுவும் சொல்லப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் குடியுரிமை வழக்குகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பிரெஞ்சு நீதிமன்றங்களுக்குப் போயின. கம்ப்யூட்டரில் அந்த அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை. கேள்வி ஒரே ஒரு முறை, அதுவும் புதுப்பெட்டியைப் பிரித்த அவசரத்தில் வருகிறது. அதற்குப் பின் எல்லாம் செட்டிங்ஸுக்குள் நாலு படி இறங்கித் தேட வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சைவ சித்தாந்தம் இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று ஆற்றல்களைப் பேசுகிறது: விழைதல், அறிதல், செய்தல். ஒரு செயல் ஒருவருடையது என்று சொல்ல இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். முன்னமைவாக, அதாவது டிஃபால்ட்டாக, வந்த ஒரு செட்டிங்கில் கிரியை நடந்துகொண்டே இருக்கிறது. தரவு போகிறது, விளம்பரம் வருகிறது. ஆனால் பயனர் அதை விரும்பவும் இல்லை, அறியவும் இல்லை. மூன்றில் இரண்டு இல்லாத செயலை அவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அவருடைய மௌனம் வெறும் மௌனம்தான்.

இதற்கு மறுப்பும் நம் மரபிலேயே உண்டு. சரணாகதியைப் பற்றி வைணவத்தில் பழைய வாதம் ஒன்று: குரங்குக் குட்டி போலத் தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, பூனைக் குட்டி போலச் சும்மா இருந்தால் தாயே கவ்விச் செல்வாள் என்பது தென்கலை. கம்ப்யூட்டரைச் செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது, அவன் வைத்தபடியே இருக்கட்டும் என்பவர் பூனைக் குட்டியின் கட்சி.

ஆனால் தாய்ப்பூனைக்குக் குட்டியிடம் ஆகவேண்டிய லாபம் எதுவும் இல்லை. முன்னமைவை வைக்கும் நிறுவனங்களுக்கு உண்டு. கூகுளின் தேடல் ஏகபோகம் சட்டவிரோதமானது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு: சஃபாரி பிரவுசரில் தன்னையே முன்னமைவுத் தேடுபொறியாக வைத்திருக்க, 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். தேடுபொறியை மாற்றச் சில தட்டல்கள் போதும். பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள் என்பதற்குத்தான் அந்த விலை.

அதற்காக முன்னமைவு எல்லாமே சூழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது; ஆனால் அணைத்துவைத்தே கொடுத்தார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு நெட்வொர்க் வழியாக எண்ணற்ற கம்ப்யூட்டர்களில் புகுந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயங்கவைத்தது. அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் அது காவலாயிற்று. இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. 2000 மே 4 அன்று கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் புழு, கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவைக்கும் முன்னமைவைப் பயன்படுத்திக்கொண்டது. நிரல் கோப்பு, சாதாரணக் கடிதம் போலத் தெரிந்தது. அந்த மறைப்பு இன்றும் அப்படியேதான் வருகிறது.

ஆகவே முன்னமைவு நல்லதா கெட்டதா என்பதைவிட, தெரிந்துகொண்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். மதமும் பெரும்பாலோருக்குப் பிறப்போடு வந்ததுதான். வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேரை இழுப்பவரும், லூர்து மாதா கோயிலுக்கு நடப்பவரும், சுல்தான்பேட்டையில் தொழுபவரும் அநேகமாகப் பெற்றோரின் வழியில் வந்தவர்கள். திருநாவுக்கரசர் கதை இங்கே நினைவுக்கு வரும். சைவக் குடியில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய், தருமசேனர் என்று பெயர் பெற்று, பின்பு மீண்டும் சைவத்துக்கு வந்தார் என்கிறது பெரிய புராணம். பிறந்த மதமும் திரும்பி வந்த மதமும் ஒன்றே. ஆனால் இரண்டாவது அவரே தேடிக்கொண்டது. எல்லோரும் அவரைப் போல வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை. வேறு வழியும் உண்டு என்று அறிந்து, யோசித்து, இருந்த இடத்திலேயே இருப்பவருக்கும் அது சொந்த முடிவுதான்.

செட்டிங்ஸுக்கும் இதே நியாயம் பொருந்தும். ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியைத் திறந்து, படித்து, எதையும் மாற்றாமல் மூடுகிறவர் இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த ‘ஆம்’ இப்போது அவருடையது. சிலவற்றை மாற்றவும் முடியாது. ‘தேவையான’ தரவு என்று மைக்ரோசாஃப்ட் வகுத்ததை விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் நிறுத்த வழியில்லை. அதற்குப் பயனரைப் பொறுப்பாக்குவது முறையல்ல.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று சொன்னது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான, நேரடியான செயலால் தந்த சம்மதத்தையே கேட்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

1962இல் போல இப்போதும் பிள்ளைகளுக்காகப் பெரியவர்களே முடிவெடுக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அட்மின் கணக்கு வைத்திருப்பவர் இருப்பிடச் சேவையைத் திறந்துவைத்தால் அது அந்த இயந்திரம் முழுவதற்கும் திறந்திருக்கும். அட்மின் கணக்கு வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து, அதே கம்ப்யூட்டரில் படிக்கும் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, “இது இருக்கட்டுமா, வேண்டாமா?” என்று கேட்கட்டும்.