கை மறக்குமா?

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான் என்பார்கள். நீச்சலும் அப்படித்தான். இருபது வருஷம் கழித்துக் கிணற்றில் தள்ளிவிட்டாலும் கையும் காலும் தானாக அடிக்கும். சரி, ஊசி போடுவது?

சிரிக்காதீர்கள். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். ஊசியோடு வருகிற நர்ஸ் 14 வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுதான் வேலைக்குத் திரும்பியவர். அப்பாவின் கையை நீட்டச் சொல்வீர்களா, "வேற யாராச்சும் இருக்காங்களா சிஸ்டர்?" என்பீர்களா?

எங்கள் தெருவில் அப்படித் திரும்பிய ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம். 1995இல் நர்ஸிங் டிப்ளமா முடித்து, ஒன்பது வருஷம் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்தவர். 2004இல் இரண்டாவது குழந்தை பிறந்தபோது 'யார் பார்த்துக்கறது?' என்ற கேள்வி வந்தது. நம் வீடுகளில் இந்தக் கேள்வி பதிலையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். வேலையை விட்டார். 2018இல், பெரியவன் காலேஜுக்குப் போன பிறகு, ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்திய ஆறு வாரப் புத்தாக்கப் பயிற்சியில் சேர்ந்தார். அவருக்கு வயது 44. பாடம் எடுத்த பெண்ணுக்கு 26.

"ஒன்பது வருஷம் பண்ணின வேலைதானேன்னு தைரியமாத்தான் போனேன் தம்பி" என்றார்.

முதல் நாளே பொம்மையைப் படுக்க வைத்து, மூச்சு நின்றவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா தலையை நிமிர்த்தி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து, இரண்டு முறை ஊதி, பிறகு நெஞ்சில் 15 முறை அழுத்தினார். படித்தபடி, பிசகில்லாமல். "மேடம், அது பழசு" என்றது பெண். 2005இலேயே 15 என்பது 30 ஆகிவிட்டது. 2010இல் வரிசையே மாறிப்போய், பெரியவர்களுக்கு முதலில் நெஞ்சை அழுத்து, மூச்சு அப்புறம் என்றாகிவிட்டது.

அடுத்தது இன்சுலின். அக்கா வேலை பார்த்த வார்டில் இருந்ததெல்லாம் மில்லிக்கு 40 யூனிட் மருந்து, அதற்கான சிகப்பு மூடி சிரிஞ்சு. இப்போது 100 யூனிட் மருந்தும் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் பழைய ஞாபகத்தில் 10 கோடு இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை மளமளவென்று இறங்கும். நோயாளி தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

பாருங்கள், கை எதையும் மறக்கவில்லை. சிக்கலே அதுதான். சைக்கிளுக்கு இன்றைக்கும் இரண்டு சக்கரம், கிணற்றில் அதே தண்ணீர். ஆஸ்பத்திரி அப்படியா?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால் போயிற்று என்றுதான் அக்காவும் நினைத்தார். மூன்றாவது வாரம் படுக்கைப்புண் பாடம் வந்தது.

அவர் படித்த காலத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் ஸ்பிரிட் தடவி, நன்றாகத் தேய்த்து, பவுடர் போடவேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் தேய்க்கவேண்டும், ரத்த ஓட்டம் வரட்டும் என்று. இப்போது சொல்வது நேர் எதிர். சிவந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஏற்கெனவே சதை நசுங்கிக் கிடக்கிறது. தேய்த்தால் இன்னும் சிதையும். ஆகவே தேய்க்காதே, திருப்பிப் படுக்க வை, அழுத்தத்தை எடு. 2009இல் வெளியான அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளிலேயே இது இருக்கிறது.

அதே 2009இல்தான் அக்காவின் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு வருஷம் படுக்கை. காலை, மாலை இரண்டு வேளையும் மருமகள் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துவிடுவதைத் தெருவே மெச்சியது. "நர்ஸ் மருமக கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறார். அப்படியும் இடுப்புக்குக் கீழே ஒரு இடம் சிவந்தது. பிறகு தோல் விட்டது. பிறகு ஆறவே இல்லை.

"சிவந்தப்போ நான் இன்னும் அழுத்தித் தேய்ச்சேன் தம்பி."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "உங்களுக்கு அப்போ தெரியாதேக்கா" என்றேன். உண்மைதான், ஆனால் அது அவர் மேல் ஒட்டவே இல்லை. அசைய முடியாமல் கிடப்பவருக்குத் தேய்க்காவிட்டாலும் புண் வந்திருக்கலாம், யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் சொல்லிப்பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் 1976இல் ஒரு லாரி டிரைவரை உதாரணம் காட்டினார். டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை; குழந்தை குறுக்கே ஓடிவந்து அடிபட்டுவிட்டது. 'உன் தப்பில்லைப்பா' என்று எல்லோரும் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் 'ஆமாம், என் தப்பில்லை' என்று அவன் உடனே சாப்பிட உட்கார்ந்துவிட்டால், அவனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? 1847இல் வியன்னாவில் பிரசவ வார்டு டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்த செம்மல்வெய்ஸும் பிறகு எழுதினார்: பிணங்களை அறுத்த கையோடு தானே பிரசவ வார்டுக்குப் போய்வந்ததில் எத்தனை தாய்மார்கள் செத்தார்களோ, அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று. கண்டுபிடித்தவரே குற்றவாளிக் கூண்டிலும் ஏறி நிற்கிறார்.

உண்மையைச் சொன்னால், தூங்காமல் புரண்ட அக்காவைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அதே பயிற்சியில் இன்னொரு அம்மாள், "நாங்கள்லாம் அந்தக் காலத்துல இப்படித்தான் தேய்ச்சோம், யாரும் செத்துடலை" என்றாராம். என் அப்பாவின் பக்கத்தில் அவர் நிற்கவேண்டாம்.

பழி முழுவதும் அக்காவின் தலையில்தானா? அந்த நெறிகள் வெளியான வருஷம் அவர் பதிவு பெற்ற நர்ஸ், மூன்று தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. ஆனாலும் சேதி அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஆடிச் சீர் அனுப்ப மறப்பதில்லை நாம். வேலையை விட்ட நர்ஸுக்கு வருஷத்துக்கொரு கடிதம் அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. 'புள்ளையைப் பாரு, மாமியாரைப் பாரு' என்று உட்கார வைத்ததும் நாம்தான். திரும்பி வந்தால் 'கை துரு பிடிச்சிருக்குமே' என்பதும் நாம்தான்.

பிரிட்டனில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 வருஷத்தில் 450 மணி நேரமாவது வேலை பார்த்திருக்கவேண்டும். இல்லாவிட்டால், பணிக்குத் திரும்பும் படிப்பைப் படி, அல்லது தேர்வு எழுது. 2020 மார்ச்சில் கொரோனா பரவி ஆள் இல்லாமல் திண்டாடியபோதுகூட, தற்காலிகப் பதிவுக்கு அவர்கள் முதலில் அழைத்தது 3 வருஷத்துக்குள் விலகியவர்களைத்தான். தேவை எவ்வளவு இருந்தாலும் கோடு என்று ஒன்று போட்டார்கள். நம் ஊரில் இது பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் மனசாட்சியைப் பொறுத்தது.

அந்த மனசாட்சி சம்பளத்தில் தெரிந்தது. அக்காவுக்கு, நேற்றுப் படித்து முடித்த பெண்ணுக்குக் கொடுக்கும் தொகைதான் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "முதல் மூணு மாசம் நியாயந்தான் தம்பி, நான் இன்னொருத்தர் பார்வையிலதானே வேலை செய்யறேன்" என்றார். வருஷம் திரும்பியும் அதே தொகை என்றபோது அவரும் கேட்டார். கொஞ்சம் ஏற்றினார்கள். கொஞ்சந்தான்.

சேர்ந்த புதிதில் இன்சுலின் இழுக்கும்போதெல்லாம், போடும் முன்பு சிரிஞ்சையும் பாட்டிலையும் பக்கத்து நர்ஸிடம் காட்டுவாராம். அவளுக்கு 23 வயது. "அக்கா, எத்தனை தடவைக்கா?" என்று அலுத்துக்கொள்வாளாம். காட்டாமல் போட்டதில்லை.

போன மாதம் ஒரு நைட் டியூட்டி. வார்டில் ஒரு பெண், படுத்த படுக்கையான தன் அம்மாவின் முதுகில் பவுடர் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா போய்க் கையைப் பிடித்தார். "தேய்க்காதம்மா. இப்படி ஒரு பக்கமாச் சாய்ச்சு, முதுகுக்குத் தலையணை குடு. ரெண்டு மணிக்கு நான் வந்து மறுபக்கம் திருப்பறேன்."

அந்தப் பெண் பயந்துபோய், "இத்தனை நாளாத் தப்பாப் பண்ணிட்டேனா சிஸ்டர்?" என்றாளாம்.

"நானும் அப்படித்தாம்மா பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு அக்கா விரிப்பின் அந்தப் பக்க நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள்.