உளி பிடித்த கை

கலைஞன் பிறக்கிறான், உருவாவதில்லை என்பர் சிலர். ஆண்டவன் அருள் சுரந்தாலன்றிக் கலை சுரக்காது என்பர் வேறு சிலர். இரு சாராரையும் நாஞ்சில் நாட்டுக்கு அன்புடன் அழைக்கிறோம். நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் நோக்கிச் செல்லும் சாலையில் மயிலாடி என்றோர் ஊர் உண்டு. அங்கே இறங்கி, வாய்மூடிச் செவி திறந்து சற்றே நில்லுங்கள். கேட்பது வேதமன்று, கீதமன்று, உளியோசை! கொட்டகை நிழலிலே, கற்பாளங்களுக்கு நடுவிலே, கல்தச்சர்கள் எழுப்பும் ஓசை. அந்தக் கொட்டகைதான் அவர்களின் கலைக்கூடம். அங்கே பட்டுத் திரையில்லை, பன்னீர் மணமில்லை. தலைமயிரும் புருவமும் வெளுக்கும்வரை படியும் கல்தூள்தான் உண்டு.

அங்கே அருள் எந்த வேளையில் வந்து இறங்குகிறது? நாம் உற்று நோக்கினோம். இறங்கக் காணோம். கண்டதெல்லாம் உழைப்பு, உழைப்போடு ஒட்டிப் பிறந்த அறிவு. கல்லைத் தேர்கிற சிற்பி முதலில் அதைத் தட்டிப் பார்க்கிறான். மணிபோல் ஒலித்தால் குறையற்ற கல். ஓசை மங்கினால் உள்ளே எங்கோ விரிசல். சுசீந்திரத்தில் தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்பும் கல்தூண்களைக் கண்டு, தெய்வத் திருவிளையாடல் என்று வியப்போர் உண்டு. தெய்வத்துக்கு அங்கே என்ன வேலை? கல்லின் குரலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய செவியின் வெற்றியல்லவா அது!

படைப்பு என்பதுதான் என்ன? களிமண்ணில் பிசகினால் ஒட்டலாம். ஓவியத்தில் பிசகினால் மேலே தீட்டலாம். கல்லில் மூக்கு நுனி தெறித்தால் தெறித்ததுதான். ஆகவே சிற்பியின் ஒவ்வோர் அடியும் ஒரு முடிவு. திரும்பப் பெறவொண்ணாத தீர்ப்பு. அப்படிப்பட்ட தீர்ப்புகளை நாள் முழுதும் ஆயிரக்கணக்கில் வழங்குகிற கையை வெறும் கை என்று ஒதுக்குவது அறியாமை. அந்தக் கை சிந்திக்கிறது.

"நூல் வகுத்த அளவைத்தானே அவன் பின்பற்றுகிறான்? அதில் படைப்பு ஏது?" என்று கேட்கக்கூடும். உண்மை, முகத்தின் நீளத்தைத் தாளம் என்னும் அலகாகக் கொண்டு, உருவத்தின் உயரத்தை அளந்து கூறுகின்றன சிற்ப நூல்கள். ஆனால், யாப்பிலக்கணம் கற்றோரெல்லாம் புலவராயினரா? ஒரே அளவில் செதுக்கிய இரு சிலைகளில் ஒன்று கல்லாகவே நிற்க, மற்றொன்று உயிர்பெற்று நோக்குகிறதே, அந்த வேற்றுமையை எந்த நூல் வகுத்தது?

அளவு கூறும் நூலே இல்லாத இடத்திலும் நாஞ்சில் மண் நமக்கொரு சான்று தருகிறது. குமரிமுனையில், அலைகடல் நடுவே, 133 அடி உயர்ந்து நிற்கிறார் வள்ளுவர். கடவுளருக்குத் தியானச் சுலோகம் உண்டு. எத்தனை கை, என்ன படைக்கலம் என்று அது சொல்லிவிடும். வள்ளுவர் மனிதர். அவர் முகத்தைக் கண்டவர் எவருமில்லை. மனிதனே எண்ணி, மனிதனே வரைந்து, மனிதனே செதுக்கவேண்டிய உருவம் அது. 1990இல் தொடங்கிய பணி, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கலைஞர் திறந்து வைத்தபோது நிறைவெய்தியது. அறத்துப்பாலைக் குறிக்கும் பீடம் 38 அடி. அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி. சிற்பக் கலைக்குத் தலைமை தாங்கியவர் கணபதி தபதி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை நடத்தியவர் அவர். அவருடைய புகழில் ஓர் இம்மியும் குறைக்க நாம் எண்ணவில்லை. 2004இல் ஆழிப்பேரலை சீறிவந்தபோதும் சிலை அசையாது நின்றதே, அது அவரது கணக்கின் வலிமைக்குச் சான்று.

ஆனால், 3,681 கற்களைக் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் என்ற மூன்று இடத்துப் பட்டறைகளில் செதுக்கியவர்கள் யார்? கடலிடைப் பாறைக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? சவுக்குக் கம்புகளைக் கயிறு கொண்டு கட்டிச் சாரமெழுப்பி, உப்புக் காற்றில் கல்லின்மேல் கல் பொருத்தியவர்கள் யார்? 2024ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின்மீது நடந்து, அண்ணாந்து நோக்கி வியப்போரில் எத்தனை பேர் இதைக் கேட்கின்றனர்? பிறரை மட்டும் குறை சொல்வானேன்! நாமும் வியந்தோம், எழுதினோம், கேட்கவில்லை.

"பெயர் மறைப்பதே கீழை நாட்டுக் கலையின் பெருமை, தன்னை அழித்துக்கொண்டான் அக்காலச் சிற்பி" என்று தத்துவம் பேசுவோர் உளர். கேட்க இனிக்கிறது! ஆனால், கல் வேறு கதை சொல்கிறதே! பேலூரிலே தாசோஜா தன் பெயரைப் பொறித்தான். சோமநாதபுரத்திலே மல்லிதம்மா தன் சிற்பங்களின் அடியில் கையொப்பமிட்டான். தஞ்சைப் பெரிய கோயிலில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கிறது. அவனுக்கும் 'இராசராசப் பெருந்தச்சன்' என்று மன்னன் பெயர் முன்னே ஒட்டியிருக்கிறது! மேலை நாட்டிலும் இதே கதைதான். தான் செதுக்கிய பியேத்தா சிலையை வேறொருவன் வேலை என்று மக்கள் பேசக் கேட்ட மைக்கேலாஞ்சலோ, அதன் மார்புக் கச்சையிலே தன் பெயரை வெட்டினான் என்று வாசாரி எழுதிவைத்தான். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் எல்லாம் கலைஞன் பெயர் சொல்லியிருக்கிறான். அவன் அடக்கம் மிகுந்ததால் பெயர் மறையவில்லை; அடக்கப்பட்டதால் மறைந்தது. தானே விரும்பி ஏற்றால் அடக்கம் ஒரு பண்பு. பிறர் சுமத்தினால் அது அடிமைத்தனம்.

இந்தக் கேடு எங்கே பிறந்தது? எண்ணுபவன் உயர்ந்தவன், உழைப்பவன் தாழ்ந்தவன் என்று மூளைக்கும் கைக்கும் நடுவே சுவரெழுப்பிய வருண ஏற்பாட்டில் பிறந்தது. கோபுரத்துக்குக் கல் சுமந்தவர் எக்குலத்தவர் என்று கோபுரம் கூறாது. ஆனால், அந்தச் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே ஒடுக்கப்பட்டோர் 1926இல் அறப்போர் நடத்தவேண்டியிருந்தது. திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு அவர்களுக்குத் திறக்க 1936ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. கதவு திறந்தது, நன்று. உழைத்த கையை மறக்கின்ற மனத்தின் கதவு திறந்துவிட்டதா?

இது வெறும் பெயருக்கான வழக்கன்று. பெயரற்றவனுடைய மூச்சுக்கும் கணக்கில்லை. மின்னால் சுழலும் அறுப்பு வட்டு வந்தபின் வேலை விரைந்தது, தூளும் பெருகியது. அந்தத் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்னும் நோய். வந்தபின் அதைக் குணமாக்க மருந்தில்லை. வாராமல் தடுக்க வழியுண்டு. நீர்விட்டு அறுத்தல், தூளை உறிஞ்சும் கருவி, தக்க முகக்கவசம், காலந்தோறும் மார்புச் சோதனை ஆகியவை போதும். கல்லுக்கு மூச்சு கொடுக்கிறான் சிற்பி என்று கவிதை பாடுவோரே, அவன் மூச்சு எங்கே போகிறது என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகிறோம். தலைமைச் சிற்பியின் கற்பனையும், கடைசிச் சிற்றாளின் தோளும் ஒன்றேதான் என்று நாம் வாதிடவில்லை. திட்டம் தீட்டியவன் பங்கு பெரிதாகவே இருக்கட்டும். பெரும் பங்கு ஒருவனுக்கு உண்டென்பதால் மற்றவர் பங்கு இல்லையென்றாகாது. படைப்பு ஒருவன் தலையில் மின்னலாய்த் தோன்றலாம். மின்னல் மட்டும் மழையாகாது. பல கைகள் கூடித்தான் அது உருவாகிறது.

எனவே, சிலை எழுப்புவோரை நாம் கேட்பது இவ்வளவே. திறப்பாளர் பெயர் பொறிக்கும் கல்லில், செதுக்கியவர் பெயருக்கும் இடம் விடுங்கள். அவர் கூலியை அறமாக்குங்கள், மூச்சைக் காத்திடுங்கள். அறத்தைக் குறிக்கும் பீடத்தின்மீதல்லவா வள்ளுவரை நிறுத்தினோம்! அந்தப் பீடத்தைச் செதுக்கியவர்க்கு அறம் மறுத்தால், கடல் நடுவே நிற்பது கல் மட்டுமே, வள்ளுவர் அல்லர்.