வாக்குறுதியின் எல்லை

பொருளை விற்றுவிட்டு மறுநாளே ஊர் திரும்பும் வணிகனுக்கும், பிறநாட்டில் ஆலை கட்டி இருபது முப்பது ஆண்டுகள் தொழில் நடத்தக் கருதும் மூலதனக்காரனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவன் அன்றைய சந்தை நிலவரத்துக்கு அஞ்சினால் போதும். பின்னவனோ, தான் எழுப்பிய கட்டடத்தையும் பூட்டிய இயந்திரத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக இயலாதவனாதலால், இன்றைய ராஜாங்கம் நாளை மாறினால் ஆலை பறிபோகுமோ, லாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பத் தடை வருமோ, நியாயம் கேட்கப் போனால் அந்நியன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சங்களோடுதான் வாசற்படியில் வந்து நிற்கிறான்.

அவ்வச்சத்தைத் தீர்க்கும் உபாயமாகவே முதலீட்டு உடன்படிக்கைகள் பிறந்தன. 1959-இல் மேற்கு ஜெர்மனியும் பாகிஸ்தானும் செய்துகொண்டதே இவ்வகையில் முதலாவது. பின்னர் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. முதலீட்டாளருக்கும் ராஜாங்கங்களுக்கும் இடையே எழும் வழக்குகளுக்கென்றே உலக வங்கியின் ஆதரவில் 1966-இல் வாஷிங்டனில் ஒரு தனி ஸ்தாபனமும் அமைந்தது. இவற்றோடு, சுங்க வரியைக் குறைத்துப் பெரிய சந்தைகளின் கதவைத் திறக்கும் வர்த்தக ஒப்பந்தமும் சேருமானால், சிறிய நாடும் மூலதனக்காரன் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். வியட்நாம் 2007-இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேர்ந்தது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசியும் காலணியும் ஆடையும் செய்யும் ஆலைகள் அந்நாட்டில் நிறைந்ததற்கு, கூலி மலிவு என்பது மட்டுமன்றி, அங்கே செய்த பொருளை உலகச் சந்தையில் தடையின்றி விற்கலாம் என்ற நம்பிக்கையும் காரணமாயிற்று. முதலீடே வேண்டாம் என்பது வேலையின்றி அலையும் இளைஞனின் வயிற்றை அறியாதவர் பேச்சு. பிறர் மூலதனத்தை நாடுவதும், அதற்காக வாக்குக் கொடுப்பதும் இழிவல்ல.

எனினும், வாக்கு என்பது கொடுப்பவனைக் கட்டுவது. ஒரு தனிமனிதன் கொடுத்த வாக்கு அவனை மட்டும் கட்டும். ராஜாங்கம் கொடுத்த வாக்கோ, அதைக் கேட்டறியாத கோடிக்கணக்கான பிரஜைகளையும், இன்னும் பிறவாத சந்ததிகளையும் சேர்த்துக் கட்டுகிறது. ஆகையால், மூலதனத்தை ஈர்க்கும் பொருட்டு ஒரு ராஜாங்கம் எதையெல்லாம் வாக்களிக்கலாம், கொடுத்த வாக்கும் குடிகளின் க்ஷேமமும் எதிரெதிரே நிற்கும் நாளில் எது மேம்படவேண்டும் என்னும் வினா தர்மத்தைப் பற்றிய வினாவேயன்றி வெறும் வர்த்தக வினாவன்று.

இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்த நாடு தென்னமெரிக்காவில் உள்ள உருகுவே. ஏறத்தாழ 35 லட்சம் மக்களே வாழும் அச்சிறு நாடு 1988-இல் சுவிட்சர்லாந்தோடு முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. 2005-இல் ஜனாதிபதிப் பதவியேற்ற தபரே வாஸ்கேஸ் புற்றுநோய் வைத்தியர். புகையிலை மனித உடலை என்ன செய்கிறது என்பதைப் புள்ளிவிவரங்களில் மட்டுமன்றி நோயாளிகளின் படுக்கையருகிலும் கண்டறிந்தவர். அவர் ஆட்சியில் உருகுவே 2006-இல், தென்னமெரிக்காவிலேயே முதன்முதலாக, பொதுவிடங்களின் உள்ளே புகைபிடிப்பதைத் தடைசெய்தது. அடுத்து, ஒரு பெயருக்கு ஒரே வகைச் சிகரெட்டுத்தான் விற்கலாம் என்றும், பெட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் நூற்றுக்கு 80 பங்கை எச்சரிக்கையே நிரப்பவேண்டும் என்றும் விதிகள் பிறந்தன.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிகரெட்டுப் பெட்டியைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் இவ்விதிகளின் கருத்து விளங்கும். சிவப்புப் பெட்டியின் அருகே பொன்னிறமும் நீலமும் பச்சையுமாக அதே பெயரில் வேறு பெட்டிகள் அடுக்கியிருக்கும்போது, சிவப்பைக் கண்டு தயங்குபவன் பொன்னிறத்தை எடுத்து, இது அவ்வளவு கெடுதல் செய்யாது என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அந்தப் பொய்யான ஆறுதலை அகற்றுவதே முதல் விதியின் நோக்கம். பெட்டியின் ஐந்தில் நான்கு பங்கை எச்சரிக்கை பிடித்துக்கொண்டால், கம்பெனியின் பெயருக்கும் சின்னத்துக்கும் எஞ்சுவது விரலகலமே. உண்மையைக் கண்ணில் படும்படி வைப்பதே இரண்டாவது விதியின் நோக்கம்.

2010-இல் பிலிப் மாரிஸ் என்னும் சிகரெட்டுக் கம்பெனி, சுவிட்சர்லாந்து உடன்படிக்கையைக் காட்டி, அந்த வாஷிங்டன் ஸ்தாபனத்தில் உருகுவேயின் மீது வழக்குத் தொடுத்து இரண்டு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கோரியது. அதன் வாதத்தைப் பகையுணர்ச்சியின்றிக் கேட்பதே நியாயம். சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரத்தையே செய்கிறோம். எங்கள் வணிகச் சின்னங்களும் சொத்தே. சொத்துக்குக் காப்பு உண்டு என்று கையெழுத்திட்டு அழைத்துவிட்டு, வந்தபின் அவற்றைப் பயனற்றவையாக்குவது வாக்குத் தவறுதல் என்பது அவ்வாதத்தின் சாரம். இதை எளிதில் தள்ளிவிடலாகாது. பொதுநலம் என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் எந்த வாக்கும் கரைந்துவிடுமானால், ராஜாங்கத்தின் வாக்குக்கு மதிப்பேது? அந்நிய ஆலைகளைப் பறித்துத் தம் நண்பர்களுக்குப் பங்கிட்ட ஆட்சியாளர்களும் பொதுநலத்தின் பெயராலேதான் அதைச் செய்தனர்.

ஆயினும், வாக்களிப்பவனுக்கு அவ்வாக்கை அளிக்கும் உரிமை உண்டா என்பதை முதலில் பார்க்கவேண்டும். கோயில் தர்மகர்த்தா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். குத்தகைதாரனை நியாயமின்றி வெளியேற்றினால் அது குற்றமே. ஆனால் அந்நிலத்தைத் தன் சொத்தாகப் பாவித்துத் தானம் செய்ய அவருக்கு உரிமையில்லை. செய்தாலும் அது செல்லாது. ராஜாங்கமும் தர்மகர்த்தாவே. உன் ஆலையைப் பறிக்கமாட்டேன், உன்னை வஞ்சிக்கமாட்டேன், வழக்கு வந்தால் நடுநிலையான நீதிபதி முன் நிற்பேன் என்று அது வாக்களிக்கலாம்; அளித்த வாக்கைக் காக்கவும் வேண்டும். என் குடிகளின் உயிரைக் காக்கும் சட்டத்தை இனி இயற்றமாட்டேன் என்று வாக்களிக்க அதற்கு உரிமையில்லை. சட்டமியற்றும் அவ்வுரிமை குடிகளின் உடைமை. கையெழுத்திட்ட மந்திரியின் உடைமையன்று.

அப்படியாயின் நேர்மையான பொதுநலச் சட்டத்தையும், பொதுநலமென்ற போர்வையில் செய்யும் கொள்ளையையும் எவ்வாறு பிரித்தறிவது? சட்டம் உள்நாட்டானுக்கும் அந்நியனுக்கும் ஒன்றாக இருக்கிறதா, அதன் காரணம் மெய்யானதா, பறித்த பொருளால் ராஜாங்கம் தான் லாபமடைகிறதா, கேள்வி எழும்போது மறைவின்றிப் பதில் சொல்ல முன்வருகிறதா என்று நான்கு வகையாகப் பரிசோதிக்கலாம். உருகுவேயின் விதிகள் உள்நாட்டுப் புகையிலைக் கம்பெனிகளையும் கட்டின. புகையிலையின் கேடு உலகறிந்தது. ராஜாங்கம் ஓர் ஆலையையும் கைப்பற்றவில்லை. உடன்படிக்கையைக் கிழித்தெறியாமல், தான் ஒப்புக்கொண்ட மன்றத்தின் முன்னேயே சென்று நின்றது. 2016 ஜூலை 8-ஆம் நாள் அம்மன்றம் கம்பெனியின் கோரிக்கைகளை முற்றிலும் தள்ளிவிட்டது. ஒரு பெயருக்கு ஒரு வகை என்ற விதி தக்க ஆராய்ச்சியின்றிப் பிறந்தது என்று நடுவர் மூவருள் ஒருவர் மாறுபட்டார். நல்ல நோக்கத்துக்கும் தீர ஆராய்ந்த வழி வேண்டும் என்பதை அந்த மாறுபாடு நினைவூட்டுகிறது.

வெற்றிக்கும் விலை இருந்தது. ஆறாண்டு வழக்கில் உருகுவேக்கு ஆன செலவு ஒரு கோடி டாலருக்கு மேல்; கம்பெனி திரும்பக் கொடுக்கும்படி தீர்ப்பானது 70 லட்சம். அமெரிக்கச் செல்வர் மைக்கேல் புளூம்பெர்க்கின் தர்ம ஸ்தாபனம் வழக்குச் செலவுக்கு உதவியது. அத்தகைய துணை வாய்க்காத ஏழை நாடு என்ன செய்யும்? வழக்கில் தோற்பதற்கு முன்பே, வழக்கு என்ற சொல்லுக்கே அஞ்சிச் சட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கும். செல்வ நாடாகிய நியூஸிலாந்தே, அலங்காரமற்ற சிகரெட்டுப் பெட்டியைப் பற்றிய சட்டத்தை, அத்தகைய சட்டத்துக்காக ஆஸ்திரேலியா மீது தொடுத்த வழக்குகளின் முடிவை எதிர்நோக்கித் தாமதித்தது. இப்படித் தாமதித்த சட்டங்களால் எவர் எவர் நோயுற்றனர் என்பதை எந்த மன்றமும் விசாரிப்பதில்லை.

உறுதியாக நிற்கும் நாட்டைவிட்டு மூலதனம் ஓடிவிடும் என்ற அச்சமும் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. பிரேசில் 1990-களில் இத்தகைய உடன்படிக்கைகள் பதினான்கில் கையெழுத்திட்டும், அவற்றுள் ஒன்றையும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆயினும் வளரும் நாடுகளுள் அந்நிய முதலீட்டை மிகுதியாகப் பெறும் நாடுகளின் வரிசையில் அது நிற்கிறது. உருகுவேயிலோ, தீர்ப்புக்குப் பின் பின்லாந்துக் கம்பெனி ஒன்று 300 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய காகிதக்கூழ் ஆலை 2023-இல் இயங்கத் தொடங்கியது.

வாக்கின் எல்லையை அறியவேண்டும் என்ற இப்பாடத்தை இந்தியாவும் கற்றது. 2011-இல் ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனியிடம் முதலீட்டு உடன்படிக்கை வழக்கு ஒன்றில் தோற்றபின், தன் பழைய உடன்படிக்கைகளுள் பெரும்பாலானவற்றை முடித்துக்கொண்டது. 2024-இல் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தில், 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டை வரவழைக்க முயல்வதை அந்நாடுகளே தம் கடமையாக ஏற்றன. அது நிறைவேறாவிடில் தான் கொடுத்த சலுகைகளைக் குறைத்துக்கொள்ளவும் இந்தியாவுக்கு வழி இருக்கிறது. வாக்கு இரு புறமும் கட்டவேண்டும் என்ற நியாயம் இங்கே ஓரளவு எழுத்தில் ஏறியிருக்கிறது.

விருந்தினனை அழைத்தவன் அவனுக்குப் பாயும் விரிக்கவேண்டும், அவன் மூட்டைக்குக் காவலும் இருக்கவேண்டும். ஆனால் பிள்ளைகள் உறங்கும் அறையின் சாவியை அவன் கையில் கொடுக்கவேண்டிய கடமை எந்த வீட்டாருக்கும் இல்லை. ஆகையால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ராஜாங்கம், மை காயுமுன், இதில் நான் கொடுப்பது என்னுடையதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். தன்னுடையதைக் கொடுத்த வாக்கை எந்நாளும் காக்கட்டும். குடிகளின் உயிரையும் ஆரோக்கியத்தையும் காக்கும் உரிமையை எத்தனை கோடி முதலீட்டுக்கும் ஈடாக வைக்காதிருக்கட்டும்.