முன்பின் அறியாதவரின் கடிதம்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்றும் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலை நடக்கிறது. மதுரையில் ஒரு சிறிய கல்வி அறக்கட்டளைக்கு வரும் மின்னஞ்சல்களை நான்தான் பார்க்கிறேன். கல்லூரி திறக்கும் காலத்தில் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் எழுதுவார்கள்: அவசரம், நாளை கடைசி நாள், வங்கிக் கணக்கு எண் இது, உதவுங்கள். மோசடிக்காரனும் இதே சொற்களில்தான் எழுதுகிறான். ஏழையின் தவிப்பை நடித்துத்தானே அவன் பிழைக்கிறான்! முகம் பார்க்காமல், சொற்களை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது அறமாகுமா?

அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியை அமைத்தபோது இந்தக் கேள்விதான் முன்னால் நின்றது. எங்கள் சர்வரில் ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் அடையாளத்துக்கும் அது மதிப்பெண் கூட்டும். நல்ல அடையாளத்துக்குக் குறைக்கும். மொத்தம் 5ஐத் தொட்டால் கடிதத்தின் தலைப்பகுதியில் ‘ஸ்பேம்’ என்று குறித்துவிடும். அதற்குமேல் அது எதுவும் செய்வதில்லை. அந்தக் குறிப்பை நம்பலாம் என்றும், ஜங்க் கடிதங்களை நகர்த்தலாம் என்றும் தண்டர்பேர்டின் ஜங்க் செட்டிங்ஸில் டிக் செய்தால், அது கடிதத்தை ஜங்க் ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். அழிப்பதா வேண்டாமா என்பது என் கையில். சாட்சியையும் தீர்ப்பையும் தண்டனையையும் ஒரே கையில் கொடுக்காத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வடிகட்டி கற்றுக்கொள்ளும் முறைக்குப் பின்னால் தாமஸ் பேய்ஸ் இருக்கிறார். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் போதகராக இருந்தவர்; 1761இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற நிகழ்தகவுக் கணக்கை 1763இல் வெளிக்கொண்டு வந்த ரிச்சர்ட் பிரைஸும் போதகரே. உலகம் ஓர் ஒழுங்கில் இயங்குகிறது என்பதற்கும், அதன்வழி கடவுள் உண்டு என்பதற்கும் அந்தக் கணக்கு வலுச் சேர்க்கும் என்று பிரைஸ் நம்பினார். புதிய சான்று வரும்போதெல்லாம் பழைய எண்ணத்தைத் திருத்திக்கொள் என்பதே அதன் சாரம். இதில் நான் பணிவைக் காண்கிறேன்.

ஸ்பாம்அசாசினின் பேய்ஸ் பகுதி, 200 ஸ்பேமையும் 200 நல்ல கடிதங்களையும் பார்க்கும்வரை வாய் திறக்காது. கெட்டதை மட்டும் பார்த்தவருக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்கிறேன். பணத்தைக் காக்கும் இடத்தில் உட்கார்ந்தால் ஏமாற்றியவர்கள்தான் மனதில் தங்குவார்கள். நன்றாகப் படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் மறந்துபோவார்கள். அதனால், நாங்கள் உதவிய மாணவர்கள் முதன்முதலில் எழுதிய கடிதங்களையெல்லாம் தேடி எடுத்து, இவை நல்லவை என்று வடிகட்டிக்குக் கற்பித்தோம்.

முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் கடிதத்தைத் தானாக ஜங்க் எனக் குறிக்காதே என்று தண்டர்பேர்டிடம் சொல்லலாம். முதல் தடவை எழுதும் பிள்ளைக்கு அந்தச் சலுகை ஏது? ஜங்கில் 14 நாள் கிடந்த கடிதங்களைத் தானாக அழிக்கவும் வசதி உண்டு. அதை நான் போடவில்லை. தினமும் காலையில் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் திறக்கிறேன்.

நாங்கள் ஏமாந்தால் கொஞ்சம் பணம் போகும். தவறாக ஒதுக்கினால் ஒரு பிள்ளையின் படிப்பே போகும். இரண்டு பிழைகளும் ஒரே எடை அல்ல. பாத்திரம் அறிவது கொடுப்பவர் படவேண்டிய பாடு. சந்தேகப்படும் வேலையை எந்திரத்திடம் விடலாம். இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு மனிதர் அந்தக் கடிதத்தைப் படித்திருக்க வேண்டும்.