மரத்தின் மேலே ஒரு உயிர்

வீட்டு மேல சாஞ்சு நிக்கிற மரத்தை வெட்டலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மரமும் உயிர்தானே என்கிறார்கள். சரி, உயிர்தான். வெட்டும்போது அதன் மேல் இன்னொரு உயிர் ஏறி நிற்கிறதே, அதைப் பற்றி இந்த அறவிவாதத்தில் ஒரு வரிகூட வருவதில்லை.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதிலிருந்து தூங்குமூஞ்சி மரத்தைக் கண்டாலே பயம். நிழலுக்கென்று தென்னமெரிக்கப் பக்கமிருந்து கொண்டுவந்து நட்ட மரம் இது. குடை மாதிரி விரியும். அடியைச் சுற்றிச் சிமெண்டு போட்டு, சாக்கடை தோண்ட ஒரு பக்க வேரையும் வெட்டிவிட்டால் அது எதைப் பிடித்து நிற்கும்?

பங்களாவாக இருந்தால் கிரேன் வருகிறது. கிளையில் பெல்ட் மாட்டி, கிரேன் பளுவைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் அறுக்கிறார்கள். அறுந்த கிளை விழாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அப்படியே தூக்கி ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். காசு கொடுத்தது காம்பவுண்டு சுவருக்காக. கூடவே அறுப்பவனும் தப்பித்துக்கொள்கிறான்.

சேரிக்கு இந்த வழி இல்லை. கிரேனின் கை நீள நீள அது தூக்கும் எடை குறையும். அதனால் மரத்துக்குக் கிட்டே வண்டி நிற்கவேண்டும், கால்களை அகட்டி ஊன்றவேண்டும். ஆறடிச் சந்தில் எங்கே ஊன்றுவது? ஊருக்குத் தேரோடும் வீதி, நமக்கு ஆறடிச் சந்து என்று அளந்து கொடுத்தவர்கள் யார்? ஆகவே ஆள் ஏறுகிறான். மேல் கவையில் வடத்தைப் போட்டுக் கிளையைக் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் ரெண்டு சுத்து சுத்தி, கீழே நாலு பேர் பிடித்து மெல்ல மெல்ல விடுவார்கள். கிளை அறுந்ததும் மரம் ஒரு உதறு உதறும். ஆள் போவது அந்த உதறலில்தான்.

‘கூலி பேசி ஒத்துக்கிட்டுத்தானே ஏறினான்?’ மலக்குழியில் இறங்கியவனைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். ஏறாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை என்கிறபோது, அவன் தலையாட்டியதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

நம் தோழர்கள் சிலரே, கிரேன் வந்தால் மரமேறுகிறவன் பிழைப்பு போய்விடும் என்கிறார்கள். பொய்யில்லை, போகும். ஆனால் 1945-இல் அம்பேத்கர் காந்தியத்தின் எந்திர வெறுப்பை மறுத்து எழுதியதை யோசிக்கவேண்டும். குற்றம் எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் சுருட்டிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார் அவர். எந்தக் கிளை எந்தப் பக்கம் உதறும் என்பது மரமேறுகிறவனுக்குத் தெரியும். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று சொல்கிற இடத்தில் அவனை வைத்து, அந்த அறிவுக்குக் கூலி கொடுக்கலாமே. (இப்போது அடிமரம் காண்டிராக்டருக்குப் போகிறது, இவனுக்கு விறகுச் சுள்ளி.)

ஆபத்தான மரம் என்று தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கிற தோழர்கள் மரத்தின் சுற்றளவோடு சந்தின் அகலத்தையும், ரோட்டிலிருந்து மரம் எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். மரத்துக்கும் சந்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.