காப்பு அவிழாத விரதம்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். காளி வேடத்துக்கு விரதம் இன்னும் கடுமை. வாரக்கணக்கில் ஒருவேளைச் சோறுதான். சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்ததும் பழையபடி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். அதே ஊரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி விரதத்தைச் சொல்லித் தட்டைத் தள்ளுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தசரா போய்க் கார்த்திகை வந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டார் அவளை வற்புறுத்தலாமா?

பக்தியில் தலையிடக் கூடாது என்கிறது ஒரு நியாயம். அவள் உடம்பு அவளுடையது என்கிறது இன்னொன்று. இரண்டும் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல.

ஆனால் இரண்டுமே அவள் தெளிந்த மனதோடு தேர்ந்தெடுக்கிறாள் என்று நம்புகின்றன. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், போருக்குப் போக மறுத்த, நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வுக்குத் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்களுக்குச் சோர்வும் எரிச்சலும் கூடின. எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பு. சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பட்டினி மனதையே மாற்றிவிடுகிறது. அப்படியானால் ‘வேண்டாம்’ என்று சொல்வதில் அந்தப் பெண்ணின் பங்கு எவ்வளவு, பசியின் பங்கு எவ்வளவு?

வீட்டார் தலையிடலாம் என்பதை மருத்துவம் உணர நாளாயிற்று. 1873இல் லண்டனில் வில்லியம் கல், உண்ண மறுக்கும் இந்த நோயை (அனோரெக்சியா) விவரித்தபோது, நோயாளியைக் கவனிக்கத் தகுதியற்றவர்கள் உறவினர்களே என்றார். பின்பு நெடுங்காலம் தாய்மீதே பழி விழுந்தது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு அதைத் திருப்பிப் போட்டது: சாப்பாட்டுப் பொறுப்பைச் சிறிது காலம் பெற்றோரிடமே கொடுத்தது. 1987இல் வெளியான அவர்களது ஆய்வில், நோய் முற்றாத வளரிளம் பருவத்தினருக்கு அது நன்கு பலித்தது. மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்தால்தான் இந்த நோய் என்ற எண்ணமும் தளர்ந்தது. வயிறு உப்புகிறது, பசியே இல்லை என்று மட்டும் சொன்ன நோயாளிகளை ஹாங்காங்கில் சிங் லீ பதிவு செய்தார். விரதத்தைக் காரணம் சொல்லும் பெண்ணையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

ஆகவே தலையிடுவதே அறம். அதற்காக எதுவும் செய்யலாம் என்றாகாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோற்றைத் திணித்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். பாசத்தில் ஊட்டும் கை அதை அறியாது. மிகவும் மெலிந்தவளுக்கு முதல் கவளம் மருத்துவர் கண்ணெதிரில்தான். கோடாங்கியிடம் போவதாக இருந்தாலும் அதன் பிறகு போகலாம். திட்டுவதும் சாமி குற்றம் என்று பயமுறுத்துவதும் கூடவே கூடாது.

அவள் நாற்பது வயதுக்காரியாகவும், இருபது வருடம் நோயோடு வாழ்ந்தவளாகவும் இருந்தால் கேள்வி கனக்கிறது. முடிவெடுக்கும் திறன் எல்லாருக்கும் உண்டு என்றே 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் தொடங்குகிறது. ஒருவரை அவர் விருப்பத்தை மீறி மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முதலில் முப்பது நாள் வரம்பும் வைக்கிறது. அந்த நாட்களை அவள் மூளைக்கு உணவு சேர்க்கப் பயன்படுத்தி, பிறகு அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேட்பதே நியாயம். அப்போது அவள் சொல்லும் பதில் வீட்டாருக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அதைக் கேட்டாக வேண்டும்.