தொட்ட காய்

திருவிடந்தைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம் கூடிவர வேண்டி வருகிறவர்கள். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நித்யகல்யாணப் பெருமாள் கோயிலை ஒன்பது சுற்று சுற்றுவார்கள். நாளுக்கு ஒருவராக 360 பெண்களை மணந்தவர் பெருமாள். ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று போய்விடும் என்கிற தொல்லை அவருக்குக் கிடையாது. எனக்கு இருந்தது. பதினேழு வயதில் செஸ்ஸை விட்டுவிட்டுப் பொருளாதாரம் படிக்கப் போனேன். “ஆட்டம் சோறு போடுமாடா? நாலு பேருக்கு உபயோகமா எதையாவது படி” என்றார் அப்பா.

அப்போது எனக்குத் தெம்பு தந்த பெயர் கென்னத் ரோகாஃப். 1978இல் கிராண்ட்மாஸ்டர், 1980இல் எம்.ஐ.டி.யில் பொருளாதார முனைவர், 2001 முதல் 2003 வரை ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார நிபுணர். 2012இல் கார்ல்சனோடு ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தை டிராவும் செய்தார். (எனக்கு அதில்தான் பொறாமை.)

அவரும் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் 2010இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி மிகவும் குறைந்திருக்கிறது என்றது. அரசுச் செலவை வெட்டச் சொன்னவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்கிற மாணவர் கணக்கைத் திறந்து பார்த்தார். சராசரி எடுத்த எக்செல் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. வேறு குறைகளையும் சுட்டினார். எக்செல் பிழையை இருவரும் ஒப்புக்கொண்டார்கள், அடிப்படை முடிவு மாறாது என்றும் சொன்னார்கள்.

படித்தபோது சிரித்தேன். போன வருஷம் சிரிப்பு நின்றுபோனது. நான் வேலை பார்க்கும் கடன் நிறுவனத்தில், என் ஷீட்டில், ஒரு மீனவப் பெண்கள் குழுவின் மூன்று மாதத் தவணைகள் விடுபட்டன. கடன் மறுக்கப்பட்டது. குழுத் தலைவி நேரிலேயே வந்துவிட்டார்.

“நாங்க ஒரு தவணகூட உடலியே தம்பி. யாரு சொன்னது?”

“சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுதுக்கா.”

சிஸ்டம் என்பது நான்தான். அது எனக்கு அன்று ராத்திரி தெரிந்தது. திருத்தி அனுப்பி, கடன் கைக்கு வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவர்கள் வட்டிக்காரரிடம் வாங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஈசிஆரில் கொஞ்ச தூரம் போனால் மாமல்லபுரம். 2022 ஒலிம்பியாட் அங்கேதான் நடந்தது. முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்திருந்த பதினாறு வயது குகேஷ், பத்தாவது சுற்றில் அப்துசத்தோரோவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ஒரு குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்துத் தோற்றார். அப்புறம் தலையைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியைப் போனில் எத்தனை தடவை பார்த்தேனோ. செஸ்ஸில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். தப்பு செய்த கையும் வலிக்கிற நெஞ்சும் ஒரே ஆளுடையவை. அணிக்கும் அடிதான், அந்த மோதல் 2-2 என்று முடிந்தது. ஆனால் யார் கை என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆட்டத்தை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. உபயோகமான வேலைதான் பார்க்கிறேன். அப்பா சொன்ன அந்த நாலு பேர்தான் என் தப்புக்கும் விலை கொடுப்பார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அக்காவைக் கோவளத்தில் அடிக்கடி பார்க்கிறேன். “சிஸ்டம் சரியாயிடுச்சா தம்பி?” என்று கேட்பார். ஆச்சுக்கா என்று சொல்லிவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு வருகிறேன்.